தரைச்சாட்சி

சித்திரை மாதத்தில் மாட்டுச் சாணம் அந்த நிறத்தில் இருக்கக் கூடாது.

காய்ந்து நிற்கும் கொழுக்கட்டைப் புல்லைத் தின்கிற மாடு தவிட்டு நிறத்தில்தான் போடும். நவமணியின் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்ததோ பளிச்சென்ற பச்சை. ஜவுளிக்கடையில் புதுச் சேலையைப் பிரித்து உதறும்போது தெரியுமே, அந்தப் பச்சை. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அதன்மேல் ஒரு ஈகூட உட்காரவில்லை. அதைக் கவனித்தபோதுதான் அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அவள் நின்றது ஒரு கொரங்காட்டில். காங்கயம் பக்கத்தில் கிளுவை வேலி போட்டு, மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்திருக்கும் மானாவாரிக் காட்டுக்கு அதுதான் பெயர். இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை இட்டேறி. அந்த இட்டேறியின் இருபுறமும் இருந்த காடுகள் எல்லாம் நவமணியின் பொறுப்பில் இருந்தன. உழவோ அறுப்போ அல்ல அவள் வேலை. சாட்சி சொல்வதுதான்.

ஐந்து நாளைக்கு ஒருமுறை ஒரு செயற்கைக்கோள் அந்த வட்டாரத்தின்மேல் போகும். எந்தக் காட்டில் எவ்வளவு புல் நிற்கிறது, ஆடுமாடுகள் எவ்வளவு தின்று தீர்த்திருக்கின்றன என்று மேலிருந்தே அளந்து, ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு மேய்ச்சல் சுமையைப் போடும். சுமை குறைவென்றால் வரைபடத்தில் பச்சை. கூடினால் சிவப்பு. அடுத்தடுத்து இரண்டு முறை சிவப்பு விழுந்தால் காட்டுக்கு மூன்று வருடம் ஓய்வு. வேலிக் கதவான படலைச் சாத்தி முத்திரை வைத்துவிடுவார்கள். ஆடுமாடுகளை இந்தக் கணக்கை நடத்தும் மையத்தின் லாரி வந்து அரவணைப்புக் கொட்டிலுக்கு ஏற்றிக்கொண்டு போகும். அப்படி ஒரு பெயரை வைத்தவனை ஒரு நாள் அந்தக் கொட்டிலின் பின்வாசலில் நிறுத்தி, உள்ளே போன மாடுகள் வேறு லாரியில் ஏறி மேற்கே கசாப்புக்குப் போவதைப் பார்க்கவைக்க வேண்டும் என்று நவமணி நினைத்ததுண்டு. நினைத்ததோடு சரி.

செயற்கைக்கோளுக்குச் சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் ஒரு மனுசி தரையில் போய் நிற்க வேண்டும். கைபேசி கேட்கும்: இது புல்லா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அந்த மனுசிக்கு மையம் கொடுத்திருந்த பதவியின் பெயர் தரைச்சாட்சி.

"ஏ புள்ளை, சாணியவே பாத்துக்கிட்டு நிக்கறே, பொண்ணு பாக்க வந்தவனாட்டம்."

பழனாத்தாள் வேலி ஓரமாக வந்தாள். காட்டைக் குத்தகைக்குப் பிடித்திருப்பவள் அவள்தான். இருவரும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. பழனாத்தாளின் புருசன் கேரளத்துக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். அவளுக்கு மிஞ்சியது கொஞ்சம் மேச்சேரி ஆடுகளும், சினையாக இருந்த ஒரு மயிலைப் பசுவும். அந்தப் பசு இப்போது வெள்வேல மரத்தடியில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அதன் வாய் ஓரங்களில் பச்சை வழிந்து காய்ந்திருந்தது.

நவமணி குனிந்து ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கினாள். கையில் அது மொடமொடவென்று நொறுங்கியது. காய்ந்த புல்தான். விரல்களை விரித்துப் பார்த்தாள். ரேகையெல்லாம் பச்சை ஓடியிருந்தது.

"யாரு அடிச்சது?"

"குப்புராசு மாஸ்டரு. வேற யாரு."

குப்புராசு சாயப்பட்டறையில் முப்பது வருடம் மாஸ்டராக இருந்தவர். பட்டறையை மூடிய பிறகு சும்மா இருக்க முடியாதவர். அவரே இட்டேறியில் தண்ணீர் வண்டியோடு நின்றிருந்தார். ஒளிந்துகொள்ளக்கூட இல்லை.

"வாங்கம்மிணி," என்றார். "கையத் தொடைக்காதீங்க, சீலையில ஏறுனாப் போகாது."

"என்ன மாஸ்டர் இது?"

"பனியனுங்க," என்றார் அவர். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். "பருத்தியும் நாரு, புல்லும் நாரு. பனியன்ல ஏறற சாயம் புல்லுல ஏறாதுங்களா? ஓடையோரத்துல ஒரு காட்டுக்குள்ள பழைய பட்டறைத் தண்ணி பூந்துருச்சு. அந்தக் காட்டுக்கு மட்டும் கோடையிலயும் படத்துல பச்சை விழுகுது. யோசனை பண்ணுனேன். மேல போறவன் நம்மளாட்டம் கண்ணால பாக்கறதில்லீங்க. செவப்பு வெளிச்சத்தத் தின்னுட்டு, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தத் திருப்பி அனுப்புனா, அவனுக்கு அது புல்லு. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். செவப்பத் திங்கற சாயம் என்கிட்ட இருக்குது."

"மாடு திங்குதுங்களே."

குப்புராசு பசுவைப் பார்த்தார். பிறகு வண்டியின் குழாயைப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்து எதையோ திருகத் தொடங்கினார்.

கைபேசி கேட்டுக்கொண்டிருந்தது. இது புல்லா?

காய்ந்த புல்லும் புல்தான் என்று அந்தக் கணக்கைப் போட்டவர்களுக்குத் தெரியவில்லை. வருடம் பூராவும் ஈரமாக இருக்கும் ஏதோ தேசத்தில் பழக்கிய கணக்கு அது. அதற்கு மஞ்சள் என்றால் மாடு மேய்ந்து தீர்த்தது. கோடையில் கொரங்காடு மஞ்சளாகத்தான் நிற்கும், அந்த மஞ்சள்தான் தீவனம் என்று நவமணி மையத்தில் சொல்லியிருக்கிறாள். அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம் என்றார்கள். மூன்று கோடைகளாக அந்தத் திருத்தம் வந்துகொண்டிருந்தது. அதற்குள் இட்டேறியின் தெற்குப் பக்கம் முழுதும் முத்திரை விழுந்துவிட்டது. இந்தக் காட்டுக்குப் போன சுற்றில் ஒரு சிவப்பு. இன்னொன்று விழுந்தால் மயிலை லாரியில் ஏறும்.

பழனாத்தாள் கெஞ்சவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலியில் சாய்ந்து நின்றாள். இருவருக்கும் நடுவே காற்று மட்டும் மண்ணை வாரிக்கொண்டு போய்வந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளை மெதுவாகத் திருப்பி வைத்து நவமணிக்குக் காட்டியவள் அவள். அன்றும் ஒன்றும் பேசியதில்லை.

"மழை வர்ற வரைக்குந்தான்," என்றாள் நவமணி கடைசியில். "அதுவரைக்கும் மாட்ட உள்ள உடாதே."

"அப்பறம் எங்க உடறது, உங்கூட்டு வாசல்லயா?"

நவமணி ஆம் என்ற கட்டத்தை அழுத்தினாள். கைபேசி நன்றி சொன்னது.

ஒரு பொய்யை ஒரு ஆளுக்கு மட்டும் சொல்ல முடியாது. அடுத்த சுற்றுக்குள் இட்டேறியின் எல்லாக் காடுகளுக்கும் அது தெரிந்துவிட்டது. பழனாத்தாளுக்கு ஆம் என்றால் எங்களுக்கு மட்டும் என்ன என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பார்த்தார்கள். அவள் போகும்போது படலைத் திறந்து வைத்துக்கொண்டு, மோர் கொண்டுவந்து நீட்டிக்கொண்டு, பார்த்தார்கள். மையத்துக்கு எழுதிப் போடுவேன் என்று முன்பு மிரட்டியவர்கள்கூட இப்போது அம்மிணி, அம்மிணி என்றார்கள். அந்தக் குழைவு அவளுக்குச் சாணத்தைவிட அருவருப்பாக இருந்தது. ஒவ்வொரு காட்டிலும் போய் நின்று அழுத்தினாள். வெயிலில் சாயம் ஆவியாகி, பழைய பட்டறைச் சந்து போல இட்டேறி நாறியது. ஆடுகள் பச்சை மூக்கோடு திரிந்தன. காக்கை உட்காராமல் போயிற்று.

மையத்திலிருந்து பாராட்டு வந்தது. சாட்சிகளுக்கு மையம் போடும் நம்பக மதிப்பெண்ணில் வட்டாரத்திலேயே அவளுக்குத்தான் அதிகமாம். வெளிநாட்டிலிருந்து வந்த குழு ஒன்று அவள் பகுதியைத்தான் பார்க்க வந்தது. அதிலே ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தாள். காலெல்லாம் பச்சையானதும் புல்லின் சாறு என்று நினைத்துக் கண் கலங்கினாள். நவமணி பக்கத்தில் நின்று அவளுக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, இந்தப் பெண் ஊருக்குப் போய் இதைப் பேசுவாள், கேட்பவர்களும் கண் கலங்குவார்கள் என்று நினைத்தாள். தண்ணீர்ச் செம்பை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

ஆனியில் மயிலை கன்று போட்டது. பழனாத்தாள் ஆள் விட்டு அனுப்பினாள். நவமணி போனபோது கிண்ணத்தில் சீம்பால் காய்ச்சி வைத்திருந்தாள். கன்று போட்ட வீட்டுச் சீம்பாலை வேண்டாம் என்று சொல்வது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. வெல்லம் போட்டுக் கட்டியாகக் காய்ச்சிய அந்தப் பாலில் மெல்லிய பச்சை ஓடியது. குளத்துத் தண்ணீரில் வெயில் படும்போது தெரிகிற பச்சை.

பழனாத்தாள் அவள் பார்ப்பதைப் பார்த்தாள். "ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாப் போச்சு," என்றாள்.

நவமணி கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். கொட்டகையில் கன்று எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னங்கால் மடிந்து மடிந்து விழுந்தது. பசு அதை நக்கி நக்கிப் பார்த்தது.

"நீ குடிச்சியா?"

"குடிச்சேன். எங்காட்டு மாடு, நாங் குடிக்காம?" பழனாத்தாள் குரலில் வீம்பு இருந்தது. சற்றுப் பொறுத்து, "வேண்டாம்னா வெச்சுரு. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்," என்றாள்.

நவமணி குடித்தாள். இனிப்புக்கு அடியில் இரும்பு போல ஒரு சுவை. வீட்டுக்குப் போகும் வழியில் வேலியோரம் உட்கார்ந்து விரலை விட்டு வாந்தியெடுத்தாள். எடுத்த பிறகு, பழனாத்தாள்தான் உண்மையாகக் குடித்தவள், நான் குடிப்பதில்கூடப் பொய் சொல்கிறேன் என்று தோன்றியது.

கன்று நிற்கவில்லை. மூன்றாம் நாள் புதைத்தார்கள்.

ஆவணியில் மழை வந்தது. ஒரு வாரம் ஊற்றியது. சாயமெல்லாம் கழுவிக்கொண்டு ஓடையில் போயிற்று. ஓடை ஒரு நாள் பச்சையாக ஓடி, மறுநாள் செம்மண்ணாக ஓடி, பிறகு தெளிந்தது. கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் குருத்து விட்டது. நவமணி காலையில் போய் அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஈரம்தான் ஒட்டியது. பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்குச் சோறு ருசித்தது.

அடுத்த சுற்றில் இட்டேறி முழுவதும் சிவப்பு விழுந்தது.

ஏதோ பிசகு என்று நினைத்துத்தான் மையத்துக்குப் போனாள். துணை இயக்குநர் எட்வின் தூத்துக்குடிக்காரர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பிசகெல்லாம் இல்ல மேடம். போன மாசம் புதுத் திருத்தம் வந்துட்டு. நீங்க எல்லாரும் கேட்டுட்டே இருந்தீங்கல்லா, நம்ம ஊருப் புல்லுக்குத் தனிக் கணக்கு வேணும்னு. அது இதுதான்."

"நல்ல புல்லு முளைச்சிருக்குது சார். நானே பாத்தேன்."

"மெஷின் தானா எதையும் கத்துக்காது. தரையில நிக்கிற ஆள் எதைப் புல்லுன்னு சொல்றாங்களோ, அதுதான் அதுக்குப் பாடம். நம்பகம் அதிகமா இருக்கிற ஆளோட பாடத்தை அதிகமா எடுத்துக்கும்." அவர் தேநீரை ஊதினார். "நாலு மாசமா நீங்க ஆம்னு சொன்ன இடமெல்லாம் ஒரே நிறம். ஓரத்துலயும் அதே, நடுவுலயும் அதே. இயற்கையில அவ்வளவு ஒழுங்கு இருக்காது. ஆனா மெஷினுக்கு ஒழுங்குன்னா ரொம்பப் பிடிக்கும். காங்கயத்துப் புல்லுன்னா இதுதான்னு அது முடிவு பண்ணிட்டு."

"இப்ப முளைச்சிருக்கறது?"

"அது பார்க்காத நிறம். களைன்னு நினைக்குது. நல்ல புல்லை மாடு தின்னு தீர்த்ததாலதான் களை வந்திருக்குன்னு சுமையை ஏத்திப் போடுது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நவமணி தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது.

"சார், அது சாயம்," என்றாள். "நான் ஆம்னு சொன்னதெல்லாம் சாயம்."

எட்வின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அதிர்ச்சி அவர் முகத்தில் இல்லை. மழை நாளில் கூரை ஒழுகும் வீட்டுக்காரனின் சலிப்புத்தான் இருந்தது.

"எனக்குத் தெரியாதுன்னா நினைக்கீங்க?" என்றார் மெதுவாக. "புல்லு வெளிச்சத்தை அவ்வளவு சுத்தமா திருப்பி அனுப்பாது மேடம். முதல் மாசமே தெரியும். மேல இருக்கிறவங்களுக்கும் தெரியும். அந்தப் பச்சையை வெச்சுத்தான் இன்னும் ஏழு மாவட்டத்துக்குத் திட்டம் கிடைச்சிருக்கு. யாரு போயி கலைப்பா?"

"நான் சொல்றேன்."

"சொல்லுங்க. தடுக்க மாட்டேன். சொன்ன உடனே உங்க ஆம் எல்லாம் ரத்தாகும். ரத்தானா அந்த நிலமெல்லாம் அந்தந்தத் தேதிக்கே சிவப்பு. ரெண்டு சிவப்பு இல்ல, இருபது சிவப்பு. இட்டேறி மொத்தத்துக்கும் நாளைக்கே லாரி வரும். எந்தக் காட்டுல ஆரம்பிக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நிஜப் புல்லுல நின்னு ஆம்னு அழுத்துனா? பாடம் மாறாதா?"

"அழுத்திப் பாருங்க. மெஷின் நம்புறதுக்கு மாறாச் சொன்னா உங்க நம்பகம் குறையும். கொஞ்ச நாள்ல உங்களைக் கேக்கிறதை நிறுத்திடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"அடுத்த சுற்று நாளைக்குக் காலையில பத்தரைக்கு." எட்வின் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அது எதைப் புல்லுன்னு நம்புதோ, அதைக் காட்டுங்க. தேநீர் ஆறுது மேடம்."

மறுநாள் விடிந்து சிறிது நேரத்தில் அவள் பழனாத்தாளின் காட்டில் இருந்தாள். மயிலை கணுக்கால் உயரப் புல்லில் தலையைப் புதைத்து மேய்ந்துகொண்டிருந்தது. நாக்கைச் சுழற்றிப் புல்லைப் பறிக்கும் சத்தம் படல் வரை கேட்டது. கோடையில் துருத்திக்கொண்டிருந்த விலா எலும்புகள் மூடத் தொடங்கியிருந்தன.

"வந்துட்டியா," என்றாள் பழனாத்தாள். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. "நேத்துதான், புள்ளை, பாலு வெள்ளையாச்சு. சொசைட்டியில ஊத்துனேன். ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டான்."

நவமணி காட்டின் நடுவே போய் நின்றாள். கைபேசி கேட்டது. இது புல்லா? ஆம் என்று அழுத்தினாள். பொருந்தவில்லை, மீண்டும் பார்க்கவும் என்றது. குனிந்து பார்த்தாள். இலை நுனியில் நீர்த்துளி இருந்தது. அழுத்தினாள். மீண்டும் பார்க்கவும். அழுத்தினாள். உங்கள் நம்பகம் குறைந்துள்ளது என்றது கைபேசி, அதே பணிவோடு.

பிறகு பழனாத்தாளிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்காமல், தன் பங்கையும் விடாமல் சொன்னாள். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழனாத்தாள் மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலியின் நிழல் அவள் காலிலிருந்து விலகியது.

"அப்ப மேல இருக்கறவனுக்கு இது புல்லு இல்ல," என்றாள்.

"இல்ல."

"மாட்டுக்குத் தெரியுது."

"மாட்ட யாரு கேக்கறா."

பழனாத்தாள் இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்தாள். "மாஸ்டருங்களா? பழனாத்தா பேசறேன். வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க. ஆமாங்க, இப்பவேதான். பத்தரைக்குள்ள."

குப்புராசு வந்தார். ஈரப் புல்லைக் கிள்ளி மோந்து பார்த்தார். அவருக்கும் முகம் கோணியது.

"பச்சைப் புல்லுல சும்மா அடிச்சா வழிஞ்சுருமுங்க. உசுரு இருக்கறது சாயத்த எடுத்துக்காது. உப்பும் சோடாவும் சேத்து அடிக்கோணும்."

"உப்புப் போட்டா புல்லு?" என்று கேட்டாள் நவமணி.

"நிக்குமுங்க," என்றார் அவர். "நிக்கறது மட்டும் நிக்கும்."

பழனாத்தாள் போய் மயிலையைப் பிடித்தாள். வாய் நிறையப் புல்லோடு அது வர மறுத்தது. முதுகில் இரண்டு அடி போட்டு இட்டேறிக்கு இழுத்துவந்து, கயிற்றை நவமணி கையில் திணித்தாள். "புடி. நான் குழாயப் புடிக்கோணும்."

வேலிக்கு உள்ளே வண்டி உறுமியது. பச்சைக்கு மேல் பச்சை விழுந்தது. மழை கழுவிவிட்டுப் போயிருந்த காடு ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல ஒரே நிறமாயிற்று. கிளுவைப் பூவில் தேனெடுத்துக்கொண்டிருந்த தேனீக்கள் எழுந்து போயின. பசு புல்லைப் பார்த்துக் கத்திக்கொண்டு இழுத்தது. நவமணி கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குதிகாலை மண்ணில் ஊன்றி நின்றாள். உள்ளங்கை எரிந்தது. இந்தப் பசுவை லாரியில் ஏற விடாமல் காப்பாற்றத்தான் எல்லாம் தொடங்கியது என்பது அந்த இழுபறியில் ஒருமுறை நினைவுக்கு வந்தது. அதை நினைக்க அவளுக்குக் கூசியது.

பத்தரை தாண்டியதும் கைபேசி அதிர்ந்தது. இது புல்லா? கயிறு சுற்றாத கையால் அழுத்தினாள். ஒரு நொடிகூட ஆகவில்லை. நன்றி, உங்கள் நம்பகம் மீண்டுள்ளது.

பழனாத்தாள் படலைச் சாத்திவிட்டு வந்தாள். முழங்கை வரை பச்சை.

"பச்சை காட்டுதா?"

"காட்டுது."

"அப்ப அஞ்சு நாளைக்குக் கவலையில்ல," என்றாள். கயிற்றை வாங்கிக்கொண்டு, யார் வீட்டிலாவது சோளத்தட்டு மிச்சமிருக்கிறதா என்று கேட்க, மயிலையை இழுத்துக்கொண்டு இட்டேறியில் நடந்தாள். மாடு மூன்று இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை.

நவமணி வேலியோரம் நின்றாள். பொழுது ஏற ஏறக் காற்று எழுந்தது. காலையில் அது அடித்தபோது காடு முழுவதும் அலை அலையாகப் படுத்து எழுந்தது. இப்போது உப்பு காய்ந்து ஒவ்வொரு இலையும் விறைத்துவிட்டிருந்தது. காற்று காட்டின் மேலாக வந்து, எதையும் அசைக்காமல், அப்பால் போயிற்று.